மூட்டில் வலிக்கும் நோய், நுரையீரலில் தொடங்குவது ஏன்?

காலையில் விரல்கள் மடங்க மறுக்கும். டம்ளரைப் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். முடக்குவாதம் என்றதும் நினைவுக்கு வருவது இதுதான். ஆனால் நோய் கைக்கு வரும் முன்பே ரத்தத்தில் தடம் தெரிகிறது. நெதர்லாந்தில் ரத்ததானம் செய்தவர்களின் பழைய மாதிரிகளைச் சோதித்த ஆய்வு 2004-இல் வெளியானது. வலி தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிலரிடம் ஆன்டி-சிசிபி என்ற எதிர்ப்பொருள் இருந்தது.

அது எங்கே உருவாகிறது? சந்தேகம் நுரையீரல் மேல். சிகரெட் புகையும் குவாரிகளின் சிலிக்கா தூசியும் மூச்சுக்குழாய்ச் சவ்வை உறுத்தும்போது, அங்குள்ள பேட் நொதிகள் புரதத்தின் அர்ஜினைனைச் சிட்ருலினாக மாற்றுகின்றன. உருமாறிய தன் புரதத்தையே உடல் அந்நியமாகக் கருதி, இந்த எதிர்ப்பொருளை உருவாக்கித் தாக்குகிறது. எச்எல்ஏ-டிஆர்பி1 மரபணுவின் சில வகைகள் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

மூட்டில் வீக்கமே இல்லாத சிலரின் சளியிலும் இந்த எதிர்ப்பொருள் கிடைத்திருக்கிறது, சி.டி. ஸ்கேனில் மூச்சுக்குழாய்ச் சுவர் தடித்திருப்பதும் தெரிந்திருக்கிறது. எனக்கு வலுவான சான்றாகப் படுவது இதுதான்.

எதிர்ப்பொருள் உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆனால் அவர்கள் புகைப்பதை உடனே நிறுத்த வேண்டும். வறட்டு இருமலோ மூச்சிரைப்போ நீடித்தால், மூட்டு நன்றாக இருந்தாலும், நுரையீரலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.