ஸ்கூட்டரில் ஆயிரம் மைல்: மெக்கானிக்குக்கு முன் பாலிசி

24 மணி நேரத்தில் 1,000 மைல் ஓட்டி முடிப்பவர்களுக்கு அமெரிக்காவின் அயர்ன் பட் அசோசியேஷன் சான்றிதழ் தருகிறது. நம் நாட்டிலும் பலர் வாங்கியிருக்கிறார்கள். ஆயிரம் மைல் என்றால் சுமார் 1,610 கிலோமீட்டர். ஆறுமுகநேரியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பினாலும் அவ்வளவு வராது. எங்கும் நிற்காமல் ஓட்டினாலே சராசரி மணிக்கு 67 கிலோமீட்டர் வேண்டும். ஐந்து லிட்டர் சொச்சம் பிடிக்கும் டேங்க் உள்ள 110 சிசி ஸ்கூட்டரோ 200 கிலோமீட்டருக்கு ஒருமுறை பெட்ரோல் பங்க்கைத் தேடும். அங்கே போன நேரத்தை ஆக்சிலரேட்டரை முறுக்கித்தான் ஈடுகட்ட வேண்டும். நம் சாலைகளில் ஸ்கூட்டருக்கு இது சரிப்படாது. அதே தூரத்தை நான்கு நாளில் ஓட்டுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

எத்தனை நாள் ஓட்டமானாலும் முதலில் இன்சூரன்ஸ் பாலிசியைப் பிரித்து, வண்டியை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற பகுதியைப் படியுங்கள். வாடகை ஓட்டம், பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றோடு ‘ரிலையபிலிட்டி டிரையல்’ என்பதையும் வழக்கமான பாலிசி விலக்கி வைத்திருக்கும். வண்டி எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் நெடுந்தூரப் போட்டியை அதில் சேர்த்துவிட கம்பெனிக்கு அதிக நேரம் ஆகாது. ஊர் சுற்றக் காஷ்மீர் வரை போனாலும் சிக்கல் இல்லை. நுழைவுக் கட்டணமும் நேரக் கணக்கும் வந்துவிட்டால் கதை வேறு. எனவே பணம் கட்டும் முன்பே அரசு அனுமதி, மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் ஒப்புதல், நிகழ்ச்சிக்கான தனி இன்சூரன்ஸ் மூன்றையும் கேட்டு நகல் வாங்குங்கள். மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றிப் பொதுச்சாலையில் பந்தயமோ வேகச் சோதனையோ நடந்தால் கலந்துகொள்பவரும் குற்றவாளிதான். மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி முதல் தடவை மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

மச்சான் வண்டியை இரவல் வாங்கிப் போகிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், அந்த வண்டியின் இன்சூரன்ஸில் மூன்றாம் நபராக இழப்பீடு கேட்க முடியாது என்று ராம்கிலாடி வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓட்டுபவர் பெயரில் தனிநபர் விபத்துக் காப்பீடு எடுத்துக்கொள்வதே வழி.

இனி வண்டி. உப்பளக் காற்றில் நிற்கும் வண்டிக்கு வெளியே பளபளப்பு இருக்கும். பேட்டரி முனையிலும் பிரேக் கேபிளிலும் துரு ஏறியிருக்கும். இரண்டையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டிரைவ் பெல்ட் பாதி ஆயுளைத் தாண்டியிருந்தால் புதிது போட்டுவிட்டு, பழையதை உபரியாக எடுத்துச் செல்லலாம். டயர் பட்டன் 0.8 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே ஓட்டக் கூடாது. ஸ்கூட்டரின் சிறிய சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அந்தச் சட்டத்தின் அருமை தெரியும். கூடுதல் டேங்க் வைப்பது போன்ற மாற்றங்கள் வேண்டாம். அபராதமும் வரும், கிளெய்மும் போகும்.

உடம்புக்கு ஒரே விதி: அதிகாலை 2 மணி முதல் 5 மணி வரை ஓட்டாதீர்கள். அந்த நேரத்தில் வரும் சில நொடித் தூக்கம் நமக்கே தெரியாது. அதில் ஆபத்து நமக்கு மட்டுமல்ல: விசாகம், சூரசம்ஹாரம் சமயங்களில் திருச்செந்தூர் சாலை முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம் இருக்கும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விபத்து நடந்துவிட்டால் 108. தமிழகத்துக்குள் என்றால் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த ஊர்க்காரராக இருந்தாலும் பொருந்தும். வெளி மாநிலங்களுக்கு 2025 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது: ஏழு நாள், 1.5 லட்சம் ரூபாய் வரை. எதிர் வண்டியின் தவறென்றால், விபத்து நாக்பூரில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்திலேயே இழப்பீடு கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிடுங்கள்.

கிளெய்மை கம்பெனி மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் அவர்களின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.