மாத்திரையும் ஜெபமும்... கூடவே ஒரு ஆளும்!

தாம்பரத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று ஒரு ரயில் நிலையம். “வீடு எங்கே?” என்று கேட்டால், “சானடோரியத்துல” என்று சர்வ சாதாரணமாகச் சொல்லும் ஜனங்கள் வசிக்கிற ஏரியா. (பெண் பார்க்க வரும் வெளியூர் சம்பந்திகள்தான் லேசாக மிரண்டு போவார்கள்!)

இந்தப் பெயருக்குக் காரணம் ஒரு டாக்டர். டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து. தாவீது, யாக்கோபு, ஆரோன் என்று பெயரிலேயே பாதி பழைய ஏற்பாடு! இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பக்கம் காசநோய் சானடோரியம் நடத்தியவர். 1917-இல் அங்கே அவரிடம் போய்ப் படுத்த நோயாளிகளில் ஒருவர், நம் கணித மேதை ராமானுஜன். பிறகு சௌரிமுத்து ஊர் திரும்பி, 1928-இல் தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு ஆரம்பித்த சானடோரியத்தை 1937-இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இன்றைக்கு அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

கவனியுங்கள். 1928-இல் காசநோய்க்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்ததே 1943-இல்தான். அதுவரை நல்ல காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு. அப்புறம்..? காத்திருக்க வேண்டியதுதான். அந்தக் கட்டில்களில் எத்தனை ஜெபங்கள் மேலே போயிருக்கும்! பதில் வருவதற்குள் எத்தனை கட்டில்கள் காலியாகியிருக்கும்!

ஜெபத்துக்கு இந்தப் பக்கத்தில் என்றைக்கும் பஞ்சமில்லை. பரங்கிமலை இருக்கிறது, சின்னமலை இருக்கிறது. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் ஆகஸ்ட் 29 கொடியேறினால் செப்டம்பர் 8 வரை காவி உடுத்திய கூட்டம் அலைமோதும். கை சுகமாகணும் என்றால் கை உருவம், கால் என்றால் கால் உருவம் காணிக்கை. ஜி.எஸ்.டி. ரோடு சுவர்களில் சுகமளிக்கும் கூட்ட போஸ்டர்களுக்கும் குறைவில்லை.

எங்கள் பெரியம்மா குரோம்பேட்டை. ஞாயிறு தவறாமல் சர்ச். 1991-இல் அவருக்கு டி.பி. என்று தெரிந்தது. “எட்டு மாசம் மாத்திரை. ஒருநாள்கூட விடக்கூடாது” என்றார் டாக்டர். வீட்டிலிருந்தே சாப்பிடலாம். (சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று 1959-இல் உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியதே நம்ம சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையம்தான்.)

முதல் வாரமே ரகளை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போக, பக்கத்து வீட்டு மாமி “ஐயோ, ரத்தம்!” என்று அலற, டாக்டர் சிரித்தார். “மாத்திரையோட கலரும்மா அது!” (அந்தக் கலருக்குச் சொந்தக்கார மாத்திரை ரிஃபாம்பிசின்.)

இரண்டே மாதத்தில் இருமல் நின்றது, எடை ஏறியது. அங்கேதான் வந்தது ஆபத்து. வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒரு ஊழியர், “ஆண்டவர் சுகம் கொடுத்துட்டார் சிஸ்டர். இன்னும் மாத்திரை சாப்பிட்டா அது அவிசுவாசம்” என்றார்.

பெரியம்மா காபி கொடுத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: “ஐயா, நீங்க கண்ணாடி போட்டுத்தானே வேதம் வாசிக்கிறீங்க?”

ஊழியர் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

சிரிக்கிற விஷயம் மட்டுமில்லை இது. இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்தினால், மிச்சமிருக்கும் கிருமிகள் மருந்துக்கு அடங்காத கிருமிகளாக மாறிவிடலாம். அப்புறம் அதே மாத்திரை வேலை செய்யாது. வீட்டில் இருப்பவர்களுக்கும் அந்த முரட்டுக் கிருமிதான் தொற்றும். பெரியம்மா எட்டு மாதமும் மாத்திரையைக் கையில் வைத்து ஜெபம் பண்ணிவிட்டுத்தான் விழுங்கினார். பிழைத்தார்.

‘இவருக்கு பதில் கிடைத்துவிட்டது. கிடைக்காதவர்கள் கதை?’ என்று நீங்கள் கேட்பது புரிகிறது.

சென்னையில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1986-இல். 1993-இல் தாம்பரம் மருத்துவமனை அந்த நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தது. மற்ற இடங்களில் கதவு சாத்தப்பட்டவர்கள் எங்கெங்கிருந்தோ இங்கே வந்தார்கள். பல பேரைச் சொந்தக்காரர்கள் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

‘நான் இருமின இருமலுக்கு என்னையும் தள்ளி வெச்சிருப்பாங்க’ என்று பெரியம்மா ஞாயிறு சாயங்காலங்களில் ஃபிளாஸ்க்கில் கஞ்சியோடு போய்வர ஆரம்பித்தார். 1998-இல் ஒருநாள், இருபது வயசுப் பையன் ஒருவன் கேட்டானாம்: “வாராவாரம் எனக்காக ஜெபம் பண்றீங்களே பாட்டி, எனக்கு ஏன் சரியாகலை?”

அன்றைக்கு ராத்திரி பெரியம்மா சாப்பிடவில்லை. இரண்டு மாதத்தில் அந்தப் பையன் போய்விட்டான்.

இதில் என்னைத் தூங்கவிடாத கணக்கு ஒன்று உண்டு. எய்ட்ஸை அடக்கி வைக்கும் கூட்டு மருந்து 1996-லேயே உலகத்துக்கு வந்துவிட்டது. விலைதான், ஆளுக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல்! 2001-இல் நம் நாட்டு சிப்லா கம்பெனி, ஒரு நாளைக்கு ஒரு டாலருக்குத் தர முடியும் என்று அறிவித்தது. இந்திய அரசு அந்த மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரல் 1-இல். முதலில் தொடங்கிய சில மையங்களில் தாம்பரமும் ஒன்று.

1996-க்கும் 2004-க்கும் நடுவில் எட்டு வருஷம். அந்தப் பையனின் ஜெபத்துக்கு பதில், மருந்தாக, உலகத்தில் ஏற்கெனவே இருந்தது. அவன் கட்டில் வரைக்கும்தான் வந்து சேரவில்லை. தாமதம் பண்ணியது கடவுளா, நாமா?

யோவான் சுவிசேஷத்தில் பெதஸ்தா குளத்துக் கதை வருகிறது. 38 வருஷமாகப் படுத்துக் கிடக்கிற மனுஷன். இயேசு அவனிடம், குணமாக விருப்பமா என்று கேட்கிறார். அவன் கடவுளைக் குறை சொல்லவில்லை. தண்ணீர் கலங்கும்போது தன்னைக் கொண்டுபோய் இறக்கிவிட ஒரு ஆள் இல்லை என்பதுதான் அவன் முறையீடு. 38 வருஷமும் எத்தனை பேர் அவனைத் தாண்டிப் போயிருப்பார்கள்!

எல்லாத் தாமதத்துக்கும் இப்படிக் கணக்குப் போட முடியாது என்பதும் நிஜம். லாசரு வியாதி என்று ஆள் வந்து சொன்ன பிறகும் இயேசு இரண்டு நாள் இருந்த இடத்திலேயே தங்கிவிடுகிறார். போய்ச் சேரும்போது அடக்கம் பண்ணி நாலு நாள். முன்னாடியே வந்திருக்கலாமே என்று சகோதரிகள் இரண்டு பேரும் முகத்துக்கு நேராகவே ஆதங்கப்படுகிறார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அழுகிறார். ஆக, ‘ஏன் லேட்?’ என்று கடவுளிடம் கேட்பது அவிசுவாசம் ஆகாது!

பெரியம்மா அதற்கப்புறமும் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டுதான் இருந்தார். “பதில் தெரியாம அங்க போய் என்ன பண்ணுவீங்க?” என்று நானே கேட்டிருக்கிறேன்.

“பதில் சொல்லவா போறேன்? அது ஆண்டவர் பாடு. அதுவரைக்கும் பக்கத்துல உக்கார ஒரு ஆள் வேணாமாடா, தம்பி?” என்பார்.

ஆகவே வாசகர்களே... உங்கள் வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், ஜெபத்தோடு சளிப் பரிசோதனையும் செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். மாத்திரை ஆரம்பித்தால் டாக்டர் சொல்கிறவரை நிறுத்தாதீர்கள்.

யாருக்காவது “உங்களுக்காக ஜெபிக்கிறேன்” என்று சொன்னீர்களானால், அடுத்த வாரம் ஒரு நடை நேரிலும் போய்விட்டு வாருங்கள். கையில் ஒரு ஃபிளாஸ்க் இருந்தால் இன்னும் விசேஷம்.