கார் இல்லை, பைக் இல்லை... காதலுக்கு பஸ் உண்டு!

பண்பொழி:

முன்வாசலில் அவள் ஏறுகிறாள். பின்வாசலில் அவன் ஏறுகிறான். ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்ப்பது கூட இல்லை.

ஆனால் கண்டக்டருக்குத் தெரியும்! டிரைவர் தலைக்கு மேலே தொங்குகிற கண்ணாடிக்கும் தெரியும்!

செங்கோட்டை, தென்காசி பக்கம் எந்த டவுன் பஸ்சில் ஏறினாலும் இப்படி ஒரு ஜோடியைப் பார்க்கலாம். அவள் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்ணாக இருப்பாள். அவன் ஒர்க் ஷாப்பில் ஊரார் வண்டியை எல்லாம் பழுது பார்க்கிற வாலிபனாக இருப்பான். அவனுக்கென்று ஒரு வண்டி இருக்காது.

"காதலிக்க கார் வேண்டாமா?" என்று கேட்டால் சிரிப்பார்கள்.

"காருக்கு எங்கே போக? கால் இருக்குல்லா!"

நூற்றுக்கு எட்டு வீடு

சினிமாவில் கதாநாயகன் காரில் வந்து இறங்குவான். நாட்டு நடப்பு வேறு. 2019-21-ல் மத்திய அரசு எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 100 வீடுகளில் சுமார் 8 வீடுகளில் தான் கார் இருந்தது. மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டரோ உள்ள வீடுகள் ஏறக்குறைய பாதி.

அப்படி என்றால் காரில் போகிற காதல் தான் அபூர்வம். பஸ்சுக்கு நிற்கிற காதல் தான் ஊர்க் காதல்!

பண்பொழியை உள்ளூர்க்காரர்கள் "பம்புளி" என்பார்கள். செங்கோட்டையில் இருந்து சுமார் 7 கிலோ மீட்டர். அங்கே பஸ் மாறினால் தென்காசி. தென்காசியில் இருந்து இன்னும் 5 கிலோ மீட்டர் போனால் குற்றாலம். காரில் போகிறவருக்கு இது அரை மணி, முக்கால் மணி நேர வேலை. பஸ்சில் போகிறவர்களுக்கு அதுவே அரை நாள் திருவிழா!

ஒரு டிக்கெட்டின் கதை

பஸ்சுக்குள் இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள். இது நெடுநாள் வழக்கம். ஜோடியாக வந்தாலும் சேர்ந்து உட்கார முடியாது. அவன் தலைமுடியை அவள் பார்க்கலாம். அவள் வைத்திருக்கிற பூவை அவன் பார்க்கலாம். அவ்வளவு தான்.

முன்பெல்லாம் இதற்கு ஒரு வழி இருந்தது. "அண்ணாச்சி, முன்னால நீலத் தாவணிக்கும் சேர்த்து ஒரு டிக்கெட்!" என்று வாலிபன் மெல்லச் சொல்வான். காசு பின்னால் கைமாறும். டிக்கெட் முன்னால் போய்ச் சேரும். காதல் கடிதத்துக்கு இல்லாத மதிப்பு அந்தத் துண்டுச் சீட்டுக்கு! புத்தகத்துக்குள் அதை மடித்து வைத்த பெண்கள் இன்று பாட்டிமார்கள்.

2021 மே மாதம் அந்தப் பெருமைக்கு ஆபத்து வந்தது. சாதாரண கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று தமிழக அரசு அறிவித்தது. நீலத் தாவணிக்கு டிக்கெட் எடுக்க அவனுக்கு வேலை இல்லாமல் போயிற்று!

ஆனால் அவளுக்கு ஒன்று கிடைத்தது. யாரிடமும் கை நீட்டாமல் வரலாம். பேச்சு பிடிக்கவில்லையா? அடுத்த பஸ்சில் திரும்பி விடலாம். அடுத்தவன் பைக்கின் பின்னால் உட்கார்ந்தவளுக்கு இந்த வசதி கிடையாது. அவன் நிறுத்துகிற இடத்தில் தான் அவள் இறங்க முடியும்!

கார் கதவைச் சாத்தினால் உள்ளே இரண்டே பேர். பஸ்சில் ஐம்பது பேர். அந்த ஐம்பது பேர் காதலுக்கு இடைஞ்சல் தான். பெண்ணுக்கு அதுவே துணை.

மயில் இருந்தும் நடந்தவர்

பண்பொழியில் காசில்லாத ஜோடிக்கு முதல் புகலிடம் திருமலைக்கோவில். மலை மேலே குமாரசாமி வீற்றிருக்கிறார். காருக்கு ரோடு இருக்கிறது. சில நிமிடத்தில் மேலே போய் விடலாம். படிக்கட்டில் ஏறினால் மூச்சு வாங்கும். நடு நடுவே நிற்க வேண்டும். நிற்கிற இடத்தில் எல்லாம் பேச்சு!

"இன்னும் எத்தனை படி?"

"எண்ணிட்டா வந்தேன்?"

கீழே பச்சை வயல். தென்னந்தோப்பு. மேற்கே மேகம் கவிந்த மலை. சாரல் காற்று வந்து முகத்தில் அடிக்கும். இதற்கு எந்த ஓட்டலில் பில் போடுவார்கள்?

இங்கே இருக்கிற சாமியின் கதையும் அதே தான். முருகனுக்கு மயில் வாகனம் இருக்கிறது. ஆனால் வள்ளியைத் தேடித் தினைப்புனத்துக்கு வேடனாக, கிழவனாக வேஷம் போட்டு வந்தவர் அல்லவா அவர்! வாகனத்தைக் காட்டியா மணம் முடித்தார்?

சிங்கனும் சிங்கியும்

குற்றாலம் இன்னும் ஒரு படி மேல். ஜூன் முதல் செப்டம்பர் வரை சீசன். பேரருவியில் ஆண்களுக்குத் தனி இடம், பெண்களுக்குத் தனி இடம். குளித்து விட்டு ஈரத் தலையோடு வெளியே வந்து, கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தேடுவதே ஒரு சுகம். சுடச்சுட மிளகாய் பஜ்ஜி, ஒரு டீ. பர்சு தாங்கும்.

இந்த ஊருக்குக் காதல் புதிது அல்ல. 18-ம் நூற்றாண்டில் பக்கத்து மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் "குற்றாலக் குறவஞ்சி" பாடினார். அதில் இரண்டு காதல். குற்றாலநாதர் வாகனத்தில் பவனி வருகிறார். பந்தாடிக் கொண்டிருந்த வசந்தவல்லி பார்த்து மயங்குகிறாள். அது வாகனக் காதல்.

இன்னொன்று சிங்கன், சிங்கி காதல். குறி சொல்லப் போன சிங்கியைக் காணாமல், பறவை பிடிப்பதையும் மறந்து தேடி அலைகிறான் சிங்கன். வண்டி இல்லை, வாகனம் இல்லை. நடை தான்! கண்டு பிடித்ததும், உடம்பு நிறைய நகை ஏது என்று ஒரு சண்டை. பிறகு சமாதானம்.

இன்றைக்கு பஸ் நிலையத்தில், "ஏன் லேட்டு? போன் ஏன் எடுக்கல?" என்று நடக்கிற சண்டையும் அதே சண்டை தான்!

ஊர்க் கண்

எல்லாமே இனிப்பு என்று நினைக்க வேண்டாம். பஸ்சில் பக்கத்துத் தெருக்காரர் இருப்பார். மாமா முறை ஆனவர் இருப்பார். ஜோடி வீடு திரும்பும் முன்பே சேதி வீட்டுக்குப் போய் விடும். இரண்டு பேரும் வேறு வேறு சாதி என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்த பஸ்களின் மீதே ஒரு காலத்தில் சாதிச் சண்டையின் நிழல் விழுந்தது. 1997 வரை நெல்லைச் சீமை அரசு பஸ்களில் "கட்டபொம்மன்" பெயர் இருந்தது. அந்த ஆண்டு விருதுநகரில் புதுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தபோது தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களில் இருந்தும் தலைவர்கள் பெயரை அரசு எடுத்து விட்டது.

2016 மார்ச் 13. உடுமலைப்பேட்டை பஸ் நிலையம் அருகே, கடைக்குப் போய்த் திரும்பிய இளம் தம்பதி சங்கரையும் கவுசல்யாவையும் பட்டப்பகலில் ஒரு கும்பல் வெட்டியது. சங்கர் இறந்தார். வண்டி இல்லாமல் நடந்து போகிறவர்களுக்கு ஓடி ஒளியக் கூட ஒரு கதவு இல்லை என்பதை அந்தப் பகல் காட்டியது.

வயது வந்த இருவர் திருமணத்தில் தலையிட யாருக்கும் உரிமை இல்லை என்று 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. மிரட்டல் உள்ள ஜோடிகளுக்குப் பாதுகாப்பு கொடுக்க மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்றும் உத்தரவிட்டது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்பது சட்டம் சொன்ன திருமண வயது. ஆபத்து என்றால் பெண்கள் 181-க்குப் போன் செய்யலாம்.

தவணையில் ஒரு கவுரவம்

இன்னொரு தொல்லை, பெண் வீட்டார் கேட்கிற முதல் கேள்வி: "மாப்பிள்ளைகிட்ட வண்டி இருக்கா?"

இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவே வாலிபர்கள் தவணையில் பைக் எடுக்கிறார்கள். சம்பளத்தில் பாதி தவணைக்கு. மீதியில் பாதி பெட்ரோலுக்கு. காதலிக்கு வாங்கித் தர பஜ்ஜிக்குக் காசு இல்லை!

அதோடு போனால் பரவாயில்லை. 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அதில் 100-க்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர் சாலையில் உயிர் விட்டார்கள். ஹெல்மெட் ஓட்டுகிறவருக்கு மட்டும் அல்ல, பின்னால் உட்காருகிறவருக்கும் வேண்டும் என்பது சட்டம். பூ வைத்த தலையில் ஹெல்மெட் எப்படி என்று சிரிக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

பைக் வாங்கக் கூடாது என்பது அல்ல. தேவைக்கு வாங்கலாம். கவுரவத்துக்கு வாங்கினால் கடனும் சேர்ந்து பின் சீட்டில் உட்காரும்!

கடைசி பஸ்

பொழுது சாய்ந்தால் பஸ் குறையும். கடைசி பஸ்சை விட்டால் ஆட்டோ தான். அதற்குக் காசு கொடுத்தால் மறுநாள் சாப்பாடு இல்லை. ஆகவே பஸ்சில் போகிற காதல் நேரத்துக்கு வீடு திரும்பும்!

அதோ செங்கோட்டையில் பண்பொழி பஸ் புறப்படத் தயார். "ஏ தம்பி, உள்ள வாடே! படியில நிக்காத!" என்று கண்டக்டர் விசில் கொடுக்கிறார்.

அவள் முன்வாசலில் ஏறுகிறாள். அவன் பின்வாசலில் ஏறுகிறான். இறங்கும்போதும் அவரவர் வாசல், அவரவர் தெரு.

ஆனால் இறங்குகிற நேரத்தில் அவள் ஒரே ஒரு முறை திரும்பிப் பார்க்கிறாள்.

கண்டக்டர் தெரியாதது போல பையில் சில்லறையை எண்ணுகிறார்!