கோடீசுவரர்கள் அடித்த கூடாரம்

1918-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியா மலைப் பாதைகளில் மோட்டார் கார்கள் வரிசையாகச் சென்றன. முதல் காரில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டு வந்த முதியவர் வேறு யாருமல்ல. மின்சார விளக்கினால் புகழ் பெற்ற தாமஸ் எடிசன்!

அவருடன் மோட்டார் மன்னர் ஹென்றி போர்டு, டயர் முதலாளி ஹார்வி பயர்ஸ்டோன், இயற்கையைப் பற்றி எழுதிவந்த ஜான் பரோஸ். வெண்தாடிப் பரோசுக்கு அப்போது வயது 81.

பெரிய ரோடு வேண்டாம், பட்டணமும் வேண்டாம் என்பார் எடிசன். சின்னச் சின்ன ஊர்களைக் கடந்து, பொழுது சாயும்போது ஓடைக்கரையில் கூடாரம் அடிப்பார்கள். ஏதோ துறவு என்று எண்ணிவிட வேண்டாம். சமையலுக்குத் தனி லாரி, சமையல்காரரும் உண்டு. கூடாரங்களில் பாட்டரி விளக்கு. எடிசன் தங்கும் இடம் இருட்டாக இருக்குமா?

போர்டுக்குக் கை சும்மா இராது. விறகு பிளப்பார். பென்சில்வேனியாவில் கானல்ஸ்வில் என்ற ஊரில் ஒரு காரின் விசிறி உடைந்து ரேடியேட்டரைக் கிழித்துவிட்டது. பட்டறைக்காரர்கள் கையை விரித்தார்கள். உலகத்துக்கே கார் விற்றவர், தாமே உட்கார்ந்து ஓட்டையை அடைத்தார்!

பரோசின் பயம்

பரோசுக்கு முதலில் மோட்டார் என்றாலே வெறுப்பு. காட்டின் அமைதியை அது குலைத்துவிடும் என்று அஞ்சினார். 1913-ல் போர்டு ஒரு காரையே அவருக்குப் பரிசளித்தார். கிழவர் மனம் மாறிற்று. ஓட்டவும் கற்றார். ஒருமுறை தானியக் கொட்டகைச் சுவரை உடைத்துக்கொண்டு போனதும் உண்டு.

ஆனால் அவர் பயந்தது வீணா? 1921 மார்ச்சில் பரோஸ் காலமானார். அதே கோடையில், மேரிலாந்தில் அடித்த கூடாரத்துக்கு ஜனாதிபதி ஹார்டிங்கே விருந்தாளியாக வந்தார். பின்னாலேயே பத்திரிகை நிருபர்கள், படம் பிடிப்பவர்கள். எடிசன் மட்டும் புல்தரையில் படுத்துத் தூங்கிவிட்டார்! போகிற ஊரெல்லாம் கூட்டம். தனிமை தேடி வந்தவர்களுக்கு அலுத்துவிட்டது. 1924-உடன் பயணத்தை நிறுத்திக்கொண்டார்கள்.

அவர்கள் நிறுத்தினார்கள், ஊரார் தொடங்கினார்கள். 1927-க்குள் போர்டின் 'டி' மாடல் கார் ஒன்றரைக் கோடி விற்பனையாயிற்று. சாமானியக் குடும்பங்களும் கூடாரத்தையும் தட்டுமுட்டுச் சாமானையும் காரில் கட்டிக்கொண்டு புறப்பட்டன. புளோரிடாவில், டாம்பா நகரில், அப்படிப்பட்டவர்கள் 1919-லேயே 'தகர டப்பாப் பிரயாணிகள்' என்று ஒரு சங்கம் வைத்துவிட்டார்கள். ரேடியேட்டர் மூடிமேல் ஒரு காலி டப்பாவைப் பற்றவைத்துக்கொள்வது அவர்களுடைய அடையாளம்.