துப்பாக்கி செய்த கொல்லன் யார்?

சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குள் நுழைந்தால் டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்க்கலாம். பூவும் கொடியுமாகச் செதுக்கி, புதைக்கப்பட்டவர் இன்னார் என்று பெயரையும் பொறித்திருக்கிறார்கள். பாஷை தெரிந்தவர்கள் உடனே படித்துவிடலாம். ஆனால் அதே கோட்டையைக் காவல் காத்த சிப்பாயின் தோளில் கிடந்ததே ஒரு துப்பாக்கி, அதைச் செய்த கொல்லன் யார்? இந்தக் கேள்விக்கு விடை காண்பது அவ்வளவு சுலபம் அல்ல.

இந்தக் கடற்கரைக்கு வராத துப்பாக்கி இல்லை. துணி வியாபாரத்துக்காக டச்சுக்காரர் வந்தார்கள். 1780-ல் ஹைதர் அலியின் படை காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் இங்கிலீஷ்காரர்களை முறியடித்தது. மறு வருஷம் இங்கிலீஷ்காரர் சதுரங்கப்பட்டினத்தைப் பிடித்தார்கள். 1782 பிப்ரவரி 17-ந் தேதி பிரெஞ்சுக் கப்பல்களும் இங்கிலீஷ் கப்பல்களும் இந்தக் கடலில் மோதிக்கொண்டன. 1818-ல் ஊர் மறுபடியும் டச்சுக்காரர் கைக்குப் போய், 1825-ல் ஒரேயடியாக இங்கிலீஷ்காரருக்கு வந்து சேர்ந்தது. ஆகவே, வாய் வழியாக மருந்து கிட்டிக்கும் பழைய துப்பாக்கி ஒன்று யார் வீட்டுப் பரணிலாவது கிடைத்தால், அது எந்தச் சீமைச் சரக்கு என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு விஷயம். ரைபிள் என்றால் குழலின் உட்புறத்தில் திருகு போல் பள்ளங்கள் ஓடும். சாதாரணத் துப்பாக்கியில் வழவழவென்று இருக்கும். அதைப் பார்க்கிறேன் என்று யாரும் அவசரப்பட்டுக் குழல் வாயில் கண்ணை வைத்துவிடாதீர்கள்! தாத்தா கிட்டித்து வைத்த மருந்து உள்ளேயே இருக்கலாம். நனையாத வெடிமருந்துக்கு வயது ஒரு பொருட்டல்ல. ஒரு மரக்குச்சியை மெதுவாக உள்ளே விட்டு, அது முட்டி நிற்கும்போது வாயருகே அடையாளம் செய்துகொள்ளுங்கள். பிறகு அதே குச்சியைக் குழலுக்கு வெளியே வைத்துப் பாருங்கள். நெருப்புத் துளை வரை எட்டாமல் நாலு விரற்கடை குறைந்தால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். விஷயம் தெரிந்தவரைக் கூப்பிடும் வரையில் அதைத் தொடாமல் இருப்பதே உத்தமம்.

இன்னொரு அபாயம் நம் வீட்டுப் பெண்மணிகளின் சுறுசுறுப்பு! புளியும் செங்கல் பொடியும் போட்டுக் குத்துவிளக்கைப் போல் துலக்கிவிட்டால் துப்பாக்கி பளபளக்கும்; ஆனால் கொல்லனின் முத்திரை போய்விடும். எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும்.

குதிரையும் சக்கிமுக்கிக் கல்லும் பொருந்திய இரும்புத் தகட்டைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். அதில் பெரிய ‘வி’ எழுத்தின் இரு கைகளிலும் ‘ஓ’வும் ‘ஸி’யும் கோத்திருந்தால், நமக்குக் கப்பலோட்டிய வ.உ.சி.யின் ஞாபகம் வரும். ஆனால் அது 1602-ல் தோன்றி 1799-ல் முடிந்துபோன டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை. மேலே ‘ஏ’ இருந்தால் ஆம்ஸ்டர்டாம் கிளையின் சரக்கு. இங்கிலீஷ் கம்பெனி, தன் துணி மூட்டைகளுக்குக் குத்திய இதய வடிவ முத்திரையையே துப்பாக்கிக்கும் குத்திற்று. 1808-க்குப் பிறகு இதயம் போய், பின்னங்கால்களில் நிற்கும் சிங்கம் வந்தது.

இவை எல்லாம் எஜமானர்களின் அடையாளங்களே அன்றிக் கொல்லனுடையவை அல்ல. ‘டவர்’ என்று பொறித்திருந்தால், லண்டன் கோபுரக் கோட்டையில் ஒரு கொல்லன் உட்கார்ந்து செய்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் தவறு. குழல் ஒரு பட்டறையில், தகடு இன்னொன்றில், கட்டை வேறொன்றில் என்று தயாராகும். 1764 வரையில் ராணுவத் துப்பாக்கிகளின் தகட்டிலே ஒப்பந்தக்காரரின் பெயராவது இருந்தது. பிறகு அதையும் நிறுத்திவிட்டார்கள்.

அப்படியானால் கொல்லன் எங்கே ஒளிந்திருக்கிறான்? பெரும்பாலும் கட்டைக்குள் மறைந்திருக்கும் குழலின் அடிப்பக்கத்தில். கை தேர்ந்தவர் குழலைக் கழற்றினால் இரண்டொரு எழுத்துக்கள் தென்படலாம். பக்கத்திலே பரீட்சை முத்திரையும் இருக்கும். அளவுக்கு மேல் மருந்து கிட்டித்துச் சுட்டும் வெடிக்காத குழலுக்கே அந்த முத்திரை. 1637-ல் பட்டயம் பெற்ற லண்டன் துப்பாக்கிக் கொல்லர் சங்கத்துக்கு ஒரு முத்திரை. 1813-ல் தனிச் சட்டம் பெற்ற பர்மிங்ஹாமுக்கு வேறொன்று. ஊரும் காலமும் தெரிந்துவிட்டால், அந்த எழுத்துக்கு உரியவனைப் பழைய கணக்குகளில் தேடலாம்.

திப்பு சுல்தானின் பட்டறையிலோ வழக்கமே வேறு. அவருடைய சொந்த ஆயுதங்களிலே புலி வரிகள் இருக்கும். கூடவே கொல்லனின் பெயரும், பட்டணம் என்ற ஊரும், வருஷமும் பாரசீக எழுத்தில் இருக்கும். பட்டணம் என்றால் ஸ்ரீரங்கப்பட்டணம். வெள்ளி வேலைப்பாடு உள்ள ஒரு துப்பாக்கி அஸத் கான் முகமது என்பவரின் கைவேலை. வருஷம் 1222, அதாவது கி.பி. 1793-94. நபிகள் பிறந்ததிலிருந்து எண்ணும் இந்த வருஷத்தின் இலக்கங்களை வலமிருந்து இடமாக எழுதுவது திப்புவின் ஏற்பாடு. தெரியாமல் படித்தால் 2221 ஆகிவிடும்!

நம் நாட்டுக் கொல்லர்களின் திரித் துப்பாக்கிகளில் பெரும்பாலும் பெயரே கிடையாது. சென்னை எழும்பூர் மியூஸியத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வேலைப்பாட்டைக் கொண்டு பிரதேசத்தை ஊகிக்க முடியும்.

உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் முத்திரைகளை நன்றாகப் போட்டோ பிடித்து, மியூஸியத்தாரிடம் காட்டுங்கள். லைசென்ஸ் வேண்டுமா என்று போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். துப்பாக்கியைத் தோளில் சாத்திக்கொண்டு மட்டும் போக வேண்டாம்!