சான்றும் ஏற்பும்: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலை முன்வைத்து ஓர் ஆய்வு

‘சான்று’ என்னும் சொல்லைச் ‘சால்’ என்னும் அடியோடு இயைத்துக் காண்பர். நிறைதல் என்பது அவ்வடியின் பொருள். அங்ஙனமாயின், ஒரு பண்டத்திற்கு வழங்கப்பெறும் சான்று எதனால் நிறைவுறுகின்றது? அரசாணையின்றித் தனியார் அமைப்புகள் வகுக்கும் சூழற்காப்பு நெறிகளை உலகச் சந்தை ஏற்பது எங்ஙனம்? இதனைக் கொங்குநாட்டுப் பின்னலாடைத் தொழில்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

வணிகர் தமக்குத் தாமே விதி வகுத்தல் தமிழகத்திற்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த பிரான்மலைக் கல்வெட்டில், ஐந்நூற்றுவர் முதலிய வணிகக் குழுவினர் கூடி, கோயிலுக்குப் பண்டந்தோறும் இத்துணை கொடுப்பதென முடிவு செய்தமை காண்கின்றோம். விதித்தவரே அதற்கு உட்பட்டனர். கல்லிற் பொறித்தமையின் அவ்விதி யாவரும் அறிய நின்றது. அதன் ஏற்புடைமைக்கு இவ்விரண்டும் காரணம் எனலாம்.

இக்காலத்து நிலை வேறு. இயற்கைவழி ஆடைகளுக்குரிய ‘கோட்ஸ்’ என்னும் உலகத் தரநெறியைச் செருமனி, இங்கிலாந்து, அமெரிக்கா, சப்பான் ஆகிய நாடுகளைச் சார்ந்த நான்கு அமைப்புகள் வகுத்தன. அதன் முத்திரை 2008-இல் வழக்கிற்கு வந்தது. ஆடையில் நூற்றுக்கு 70 பங்கேனும் இயற்கைவழி இழை வேண்டும்; சாயக்கழிவைத் தூய்மை செய்தலும் தொழிலாளர் உரிமை பேணலும் வேண்டும். விதித்தோர் சேய்மையில் உள்ளனர். உட்பட்டோர் திருப்பூரில் உள்ளனர்.

எனினும் இந்நெறி ஏற்கப்பெறுகின்றது. காரணம் மூன்று. அயல்நாட்டுக் கொள்வோர் முத்திரையைக் கேட்கின்றனர். இது பயன் பற்றிய ஏற்பு. பன்னாட்டுத் தொழிலமைப்பின் நெறிகளையும், இயற்கை வேளாண்மைக்கென இந்திய அரசு 2001-இல் தொடங்கிய திட்டம் போன்றவற்றையும் இது சார்ந்து நிற்கின்றது. இது பிறர் அதிகாரத்தின் வழிப்பட்ட ஏற்பு. புறத்தார் வந்து சோதிப்பது மூன்றாவது. ஆயினும் சோதனைக்குரிய கட்டணத்தைச் சோதிக்கப்படுவோரே செலுத்துகின்றனர் என்பதை மறத்தலாகாது.

2020-இல் இந்தியாவில் ஏறத்தாழ 20,000 டன் பருத்திக்குப் பொய்ச்சான்றுகள் புனையப்பட்டமையை அவ்வமைப்பே கண்டறிந்து வெளியிட்டது; 11 நிறுவனங்களை விலக்கியது. இதனால் அதன் மதிப்புக் குன்றிற்று என்பாருளர். தன் குறையைத் தானே வெளியிடாத நெறி நெடிது நில்லாது என்பதே எம் கருத்து.

இனி, எஞ்சுவது ஒரு வினா: ஏற்பு என்பது யார்முன்? நொய்யல் ஆற்று நீரை நம்பிய உழவர் கொள்வோரும் அல்லர், விற்போரும் அல்லர். சாயக்கழிவால் ஆறும் நிலமும் கெட்டபோது அவர்தம் ஆயக்கட்டுதாரர் சங்கம் அணுகியது முத்திரை வழங்குவோரை அன்று, நீதிமன்றத்தையே. 2011 சனவரியில், கழிவுநீரை வெளிவிடா நிலை எய்தும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதன்பின்னரே கழிவுநீரைத் தூய்மை செய்து மீளப் பயன்படுத்தும் முறை அங்கு வேரூன்றிற்று.

ஆகவே, சந்தையின் ஏற்பு ஒன்று. ஆற்றங்கரையின் ஏற்பு மற்றொன்று. முன்னது பின்னதற்கு ஈடாகாது. விதியின் பயனையும் கேட்டையும் நுகர்வோர் அவ்விதியை வகுக்கும் அவையில் இடம்பெறும் நாளிலேயே சான்று தன் பெயர்க்கேற்ப நிறைவுறும்.