நடுவட்டத்துச் சீனத் தாத்தாவைத் தேடுவது எப்படி?

ஊட்டியிலிருந்து கூடலூருக்கு இறங்கும் வழியில், நடுவட்டத்தில் ஒரு பழைய சிறைக் கட்டடம் இருக்கிறது. 1860களில் அரசுத் தோட்ட மேற்பார்வையாளர் மெக்ஐவர் அங்கே சின்கோனா பயிரிட்டபோது தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகளை இறக்கினார்கள். மலேரியாவுக்கான கொயினா அந்த மரப்பட்டையிலிருந்துதான் எடுக்கப்பட்டது. ‘அபினிப் போரில் பிடிபட்டவர்கள், நமக்குத் தேயிலை கற்றுத் தந்தவர்கள்’ என்பது மலையில் வழங்கும் பேச்சு. 1908இல் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய நீலகிரி மாவட்ட கெசட்டியரோ, சிங்கப்பூர், பினாங்குப் பகுதியில் தண்டனை பெற்று, அங்கே சிறையில் இடம் போதாமல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் என்கிறது. இதுவே நம்பத்தக்கது. 1867 வரை அந்தப் பகுதி இந்திய அரசின் கீழ்தான் இருந்தது. கைதியை இங்கே மாற்றுவது வெறும் நிர்வாக உத்தரவு. தேயிலையும் இவர்கள் வரவுக்காகக் காத்திருக்கவில்லை. நீலகிரியின் கேத்தியில் 1835இலேயே நட்டுப் பார்த்தாயிற்று.

போர்க்கைதியா குற்றவாளியா என்பதில் என்ன வந்தது என்று கேட்கலாம். தன் சீன மூதாதையைத் தேடுகிறவருக்கு அதுதான் முதல் படி. போர்க்கைதி என்று நம்பினால் படைத்துறை ஆவணங்களில் காலம் கழியும். குற்றவாளி என்றால் சிங்கப்பூர், பினாங்கு நீதிமன்ற, சிறைப் பதிவுகளும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் சிறைத்துறைக் கோப்புகளும் இருக்கின்றன. சீனப் பெயரை வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பாரே என்பது நியாயமான ஆட்சேபம். அதனால் பெயரை விட்டுவிட்டு ஆண்டு, தண்டனைக் காலம், சிறை மாற்றம் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். விடுதலைக்குப் பின் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு அங்கேயே தங்கினார்கள். மண்டை அளப்பதில் மோகம் கொண்ட மானுடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் அப்படி ஒரு குடும்பத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்: கிறிஸ்தவராக மாறியபோது பின்னல் குடுமியை வெட்ட வேண்டியதாயிற்று என்பதே அந்தச் சீனரின் ஒரே குறையாம். அந்தக் குறைக்குள் நமக்கு ஒரு துப்பு கிடக்கிறது. ஞானஸ்நானம் உண்டென்றால் தேவாலயப் பதிவேடும் உண்டு.

காகிதம் கைவிட்டால் மரபணு உதவும், ஓரளவுக்கு. ஐந்து தலைமுறைக்கு முந்தைய பாட்டனாரின் பங்கு நம்மிடம் சராசரியாக 32இல் ஒன்றுதான். ஆனால் ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் பெரிதும் மாறாமல் இறங்குகிறது. சீன ஆண்களிடம் மிகுந்துள்ள ‘ஓ’ என்ற ஒய் குரோமோசோம் பிரிவு, கிழக்கிந்திய முண்டா மக்களிடமும் உண்டே என்பார்கள். உண்மைதான். அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் எம்95 என்ற கிளை. சீனரிடம் மிகுதி எம்122. ஆகவே கிளை வரை சோதிக்காத முடிவை நம்ப வேண்டாம். இடையில் ஒரு மகள் வழி வந்திருந்தால் இந்தச் சோதனை பயன்படாது. உங்கள் வீட்டில் இப்படி ஒரு கதை இருந்தால், சோதனைக்குப் பணம் கட்டும் முன், மூத்தவர்களிடம் கேட்டுத் தலைமுறைப் பெயர்களை வரிசையாக எழுதி வையுங்கள்.